மலையில் ஓடும் 1.2 பெட்ரோல் இன்ஜின்: கே12-இல் என்ன பழுது வரும், ஏன் வரும்

ஊட்டி, குன்னூர், கோத்தகிரி, கூடலூர் என்று எந்த ஊரில் பார்த்தாலும் வீட்டு வாசலில் நிற்கும் பெட்ரோல் காரில் பெரும்பாலும் மாருதியின் 1.2 லிட்டர் கே சீரீஸ் இன்ஜின், அதாவது கே12தான் இருக்கிறது. ரிட்ஸ், ஸ்விஃப்ட், டிசையர், பலேனோ, இக்னிஸ், வேகன் ஆர் என்று உடம்பு மாறினாலும் உள்ளே இருப்பது ஒன்றுதான். நன்றாக உழைக்கும் இன்ஜின். ஆனால் சமவெளிக்கு எழுதிய சர்வீஸ் கணக்கை மலையில் அப்படியே பின்பற்றினால் அது சீக்கிரம் தேயும். சமவெளியில் பழகிய கண்ணோடு பழுது பார்த்தால் நல்ல இன்ஜினையும் பிரித்துப் போட்டுவிடுவார்கள். இந்த இரண்டும் நடக்காமல் இருக்க என்ன தெரிந்திருக்க வேண்டுமோ அதைத்தான் இங்கே எழுதுகிறேன். பழனி மலையில் கொடைக்கானல் பக்கம் இருப்பவர்களுக்கும் இதெல்லாம் அப்படியே பொருந்தும்.

முதலில் அளவுகள். கே12எம் 2009-இல் ரிட்ஸோடு வந்தது. 1197 சிசி, நான்கு சிலிண்டர், 16 வால்வு, மேலே இரண்டு கேம்ஷாஃப்ட், அலுமினிய பிளாக், டைமிங் பெல்ட்டுக்குப் பதில் செயின். சிலிண்டரின் விட்டம் 73 மிமீ, ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம், 71.5 மிமீ. 2011 ஸ்விஃப்டில் விவிடி, அதாவது வால்வு திறக்கும் நேரத்தை ஆயில் அழுத்தத்தால் மாற்றும் அமைப்பு, சேர்ந்தது. 2018 ஸ்விஃப்டில் இருந்த கே12எம் 6000 ஆர்பிஎம்மில் 83 பிஎஸ், 4200-இல் 113 என்எம் கொடுக்கும். 2020-இல் டிசையரிலும் 2021-இல் ஸ்விஃப்டிலும் வந்த கே12என் டூயல்ஜெட்டுக்கும் விட்டம், ஸ்ட்ரோக் அதேதான். ஆனால் சிலிண்டருக்கு இரண்டு இன்ஜெக்டர், 12:1 கம்ப்ரஷன், குளிர்விக்கப்பட்ட இஜிஆர் (எரிந்த புகையில் ஒரு பங்கைத் திரும்ப உள்ளே விடும் அமைப்பு), 90 பிஎஸ். 2024 ஸ்விஃப்டில் வந்த இசட்12இ மூன்று சிலிண்டர் இன்ஜின், அது வேறு குடும்பம். பழைய வேகன் ஆர், செலேரியோவில் இருக்கும் கே10பி 998 சிசி, மூன்று சிலிண்டர், விட்டம் அதே 73, ஸ்ட்ரோக் மட்டும் 79.5.

இந்த ஸ்ட்ரோக் கணக்கை ஏன் சொல்கிறேன் என்றால், மேட்டில் எந்த கியரில் ஓட்ட வேண்டும் என்பது அதிலிருந்துதான் வருகிறது. கே12-இல் விட்டத்தைவிட ஸ்ட்ரோக் சின்னது. சுற்றினால்தான் இழுக்கும். பெட்ரோல் மிச்சம் என்று நினைத்து பர்லியாறு தாண்டிய ஏற்றத்தில் மூன்றாவது கியரில் 1500 ஆர்பிஎம்மில் திணற விடுகிறார்கள். அது மிச்சமில்லை. ஆக்சிலரேட்டர் முழுக்க மிதிபட்டு கலவையில் பெட்ரோல் கூடும், பேரிங்குகளில் அடி விழும், இன்ஜின் மவுண்ட் ரப்பர் சீக்கிரம் தளரும். இரண்டாவதுக்கு இறக்கி 2500-இலிருந்து 3500-க்குள் வைத்து ஏற்றுங்கள். சத்தம் கூடுதலாகத்தான் கேட்கும், இன்ஜினுக்கு அதுதான் சுகம். கே10 கொஞ்சம் கீழேயே இழுக்கும், ஆனால் அதன் மொத்த பலமே குறைவு என்பதால் அதற்கும் இரண்டாவது கியர்தான் துணை.

காற்று மெலிந்த இடத்தில் மீட்டர்கள் சொல்வது

ஊட்டி கடல் மட்டத்திலிருந்து சுமார் 2240 மீட்டர் உயரம். கடலோரத்தில் 1013 மில்லிபார் இருக்கும் காற்றழுத்தம் இங்கே 770 அளவில்தான் இருக்கும். டர்போ இல்லாத இன்ஜினுக்கு 100 மீட்டருக்கு ஏறத்தாழ ஒரு சதவீதம் பலம் குறையும் என்பது பழைய கணக்கு. அதன்படி 83 பிஎஸ் இன்ஜின் ஊட்டியில் 65-க்குப் பக்கத்தில்தான் கொடுக்கும். "மேட்டுப்பாளையத்தில் நல்லா இருந்துச்சு, மேலே வந்ததும் பிக்கப் இல்லை" என்று வண்டியை ஒர்க்‌ஷாப்பில் விடுபவர்களில் பாதிப் பேருக்கு வண்டியில் ஒன்றுமே கோளாறு இல்லை. ஃப்யூவல் பம்ப்பையும் இன்ஜெக்டரையும் மாற்றிப் பார்த்துப் பணம் போனதுதான் மிச்சமாக இருக்கும்.

இதைவிட முக்கியமானது கம்ப்ரஷன் டெஸ்ட், அதாவது சிலிண்டருக்குள் எவ்வளவு அழுத்தம் ஏறுகிறது என்று கேஜ் வைத்து அளப்பது. சர்வீஸ் கையேட்டில் இருக்கும் கம்ப்ரஷன் அளவு கடல் மட்டத்தை ஒட்டிய கணக்கு. உள்ளே போகும் காற்றே கால் பங்கு குறைவு என்னும்போது கேஜில் வரும் எண்ணும் ஏறத்தாழ அதே அளவு குறையும். ஊட்டியில் எடுத்த எண்ணைக் கையேட்டோடு ஒப்பிட்டு "ரிங் போயிருச்சு, இன்ஜின் இறக்கணும்" என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். நான்கு சிலிண்டருக்கும் இடையே உள்ள வித்தியாசத்தைக் கேளுங்கள். சூடான இன்ஜின், நான்கு பிளக்கும் கழற்றியது, இன்ஜெக்டர் கனெக்டர்கள் பிடுங்கியது, த்ராட்டில் முழுக்கத் திறந்தது, நல்ல பேட்டரி: இப்படி எடுத்து நான்கும் ஒன்றுக்கொன்று ஒரு கிலோவுக்குள் இருந்தால் இன்ஜின் நன்றாக இருக்கிறது. ஒன்று மட்டும் தாழ்ந்தால் அந்த சிலிண்டரில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி எடுக்கவேண்டும். எண் ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வு அல்லது ஹெட் கேஸ்கட்.

இன்ஜின் காற்றை உறிஞ்சும் பலத்தைக் காட்டும் வேக்கம் கேஜுக்கும் இதே கதைதான். சமவெளியில் ஐடிலில் 18-20 அங்குலம் காட்டும். ஆயிரம் அடிக்கு ஒரு அங்குலம் குறையும். ஊட்டி 7300 அடிக்கு மேல். 11-இலிருந்து 13 வரை முள் ஆடாமல் நின்றால் அது சரியான அளவு. காற்றுக் கசிவு என்று தேடி, சிலிண்டர்களுக்குக் காற்று போகும் குழாயான மேனிஃபோல்டின் கேஸ்கட்டை மாற்ற வேண்டியதில்லை.

இன்ஜின் கம்ப்யூட்டரில் உள்ள எண்களைப் படிக்கும் ஓபிடி கருவி வாங்கி போனோடு இணைத்து வைத்திருப்பவர்கள் ஒரு காரியம் செய்யலாம். சாவியை ஆன் செய்யுங்கள், இன்ஜினை ஸ்டார்ட் செய்யாதீர்கள். அந்த நிலையில் மேனிஃபோல்ட் அழுத்தம் காட்டும் எண் வெளிக்காற்றின் அழுத்தத்துக்குச் சமமாக இருக்கவேண்டும். ஊட்டியில் 77 கிலோபாஸ்கல் அளவு, மேட்டுப்பாளையத்தில் 97 அளவு. ஊட்டியில் நின்றுகொண்டு 90 காட்டினால் அந்த சென்சார் பொய் சொல்கிறது, இன்ஜின் தேவைக்கு மேல் பெட்ரோல் குடிக்கும், பிளக் கறுக்கும். ஒரு நிமிட வேலை, ஸ்பேனர்கூடத் தேவையில்லை.

ஆயில்: மலையில் கிலோமீட்டர் கணக்கு ஏமாற்றும்

கையேடு 10,000 கிமீ அல்லது ஒரு வருடம் என்கிறது. லவ்டேலிலிருந்து சேரிங் கிராஸ் வரை பள்ளிக்கு, கடைக்கு என்று நான்கைந்து கிமீ போய் நிறுத்தி, மறுபடி கிளம்பும் வண்டிக்கு அது ஒத்துவராது. இன்ஜின் முழுச் சூடு ஏறுவதற்குள் நிறுத்திவிடுகிறோம். எரிந்த பெட்ரோலில் இருந்து வரும் நீராவி குளிர்ந்த பிளாக்கில் தண்ணீராகி ஆயிலில் சேரும். குளிரில் கூடுதலாகத் தெளிக்கப்படும் பெட்ரோலில் ஒரு பங்கு எரியாமல் ரிங்குகளைத் தாண்டி, அடியில் ஆயில் நிற்கும் சேம்பருக்குள் இறங்கும். இந்த இரண்டும் ஆவியாகி வெளியேற ஆயிலுக்கு நல்ல சூடும் நேரமும் வேண்டும், நமக்கு இரண்டும் கிடைப்பதில்லை.

இறக்கத்தில் கிளம்பும் வீடுகளுக்கு இன்னும் மோசம். காலையில் ஊட்டியிலிருந்து குன்னூர் பக்கம் இறங்கும் வண்டி வழி முழுக்க ஆக்சிலரேட்டரே மிதிக்காமல் போகும். அப்போது இன்ஜெக்டர் மூடியிருக்கும், இன்ஜினுக்குள் எரிவதே இல்லை. கேத்தி, அருவங்காடு தாண்டிக் குன்னூர் போய்ச் சேரும்போதும் இன்ஜின் வெதுவெதுப்பாகத்தான் இருக்கும். திரும்பி ஏறும் பயணம்தான் ஆயிலைக் காய வைக்கிறது. அதனால் வாரத்தில் ஒரு நாளாவது அரை மணி நேரத்துக்குக் குறையாமல் ஏற்றம் கலந்த சாலையில் ஓட்டுங்கள்.

டிசம்பர், ஜனவரியில் ஆயில் மூடியைத் திறந்தால் அடியில் மோர் நிறத்தில் வழவழப்பாக ஒன்று ஒட்டியிருக்கும். இதைப் பார்த்ததும் "ஹெட் கேஸ்கட் போச்சு" என்று பயமுறுத்துவது வழக்கம். பயப்படும் முன் நான்கு விஷயம் பாருங்கள். டிப்ஸ்டிக்கை உருவினால் ஆயில் தெளிவாக இருக்கிறதா? கூலன்ட் டப்பாவில் அளவு இரண்டு வாரமாகக் குறையாமல் நிற்கிறதா? இன்ஜின் ஓடும்போது கூலன்ட் டப்பாவில் தொடர்ந்து குமிழி வராமல் இருக்கிறதா? சூடான பிறகு சைலன்சரில் வெள்ளைப் புகை நின்றுவிடுகிறதா? நான்குக்கும் ஆமாம் என்றால் அது மூடியில் படிந்த பனித் தண்ணீர்தான். துடைத்துவிட்டு, நீண்ட தூரம் ஓட்டிவிட்டு, மறுபடி பாருங்கள். டிப்ஸ்டிக்கிலேயே ஆயில் காப்பி நிறமாகி, கூலன்டும் குறைந்தால் அப்போது ஹெட்டைப் பற்றிப் பேசலாம்.

மலையில் குறுகிய தூரம் ஓடும் வண்டிக்கு என் கணக்கு 5000 கிமீ அல்லது ஆறு மாதம், எது முதலோ அது. ஆயில் கிரேடு உங்கள் கையேட்டில் போட்டிருப்பதுதான். ஆரம்ப கால வண்டிகளுக்கு 5டபிள்யூ-30, பிறகு வந்தவற்றுக்கு 0டபிள்யூ-20, டூயல்ஜெட்டுக்கு 0டபிள்யூ-16. கெட்டியான ஆயில் போட்டால் இன்ஜின் நீடிக்கும் என்று 20டபிள்யூ-50 ஊற்றுவது குளிர் ஊரில் பெரிய தீங்கு. தலைக்குந்தா பக்கம் புல்வெளியில் உறைபனி படியும் காலையில் அந்த ஆயில் மேலே கேம்ஷாஃப்ட் வரை ஏறிச் சேரவே நேரம் எடுக்கும். ஃபில்டரோடு மாற்றும்போது முதலில் மூன்று லிட்டர் ஊற்றி, இன்ஜினை ஒரு நிமிடம் ஓட்டி நிறுத்தி, ஐந்து நிமிடம் பொறுத்து, டிப்ஸ்டிக் பார்த்து மீதியைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்கவேண்டும். ட்ரெய்ன் நட்டின் வாஷரைப் புதிதாகப் போடுங்கள்.

டிப்ஸ்டிக் பார்க்க சமதளம் வேண்டும். நம் ஊரில் வீட்டு வாசல் எதுவும் சமதளம் கிடையாது. வண்டி மூக்கு மேலே பார்த்து நிற்கிறதா கீழே பார்த்து நிற்கிறதா என்பதைப் பொறுத்து அளவு ஏறியோ இறங்கியோ காட்டும். குறைவு என்று நினைத்து ஊற்றி அதிகமாகிப் போவதும், போதும் என்று நினைத்து வற்ற விடுவதும் இப்படித்தான். பெட்ரோல் பங்கில் தரை சமமாக இருக்கும். பெட்ரோல் போட்டபின் ஓரமாக நிறுத்தி ஐந்து நிமிடம் கழித்துப் பாருங்கள். அளவு மேல் கோட்டைத் தாண்டி ஏறிக்கொண்டே போனால் பெட்ரோல் கலக்கிறது என்று பொருள். டிப்ஸ்டிக்கை முகர்ந்தாலே வாசனை தெரியும், உடனே மாற்றுங்கள்.

ஆயில் கீழ்க் கோட்டுக்குக் கீழே இருக்கும்போது கல்லட்டி மலைப்பாதையின் 36 கொண்டை ஊசி வளைவுகளிலோ கல்லாறு-குன்னூர் 14 வளைவுகளிலோ ஏறினால், சரிவும் திருப்பமும் சேர்ந்து சேம்பரில் இருக்கும் ஆயிலை ஒரு பக்கமாக ஒதுக்கிவிடும். பம்ப் காற்றை உறிஞ்சும். வளைவில் மட்டும் சிவப்பு ஆயில் விளக்கு மின்னி மறைந்தால் அதை அலட்சியம் செய்யவே கூடாது. பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி, ஆயில் சேர்த்த பிறகுதான் நகர வேண்டும்.

டைமிங் செயினின் ஆயுளும் இந்த ஆயிலில்தான் இருக்கிறது. செயினை இழுத்துப் பிடிக்கும் டென்ஷனர் ஆயில் அழுத்தத்தில் வேலை செய்கிறது. செயின் மாற்றுவதற்கு இத்தனை கிமீ என்று கையேட்டில் கெடு இல்லாததால், அதை ஆயுள் முழுக்கத் தொடவே வேண்டாம் என்று பலர் நினைக்கிறார்கள். காலையில் முதல் ஸ்டார்ட்டில் இன்ஜினின் ஒரு ஓரத்தில் கரகரவென்று ஒன்றிரண்டு நொடி சத்தம் வந்து நின்றால் டென்ஷனர் அழுத்தம் பிடிக்க நேரம் எடுக்கிறது. ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றிப் பாருங்கள். அப்படியும் சத்தம் நீண்டுகொண்டே போனால், சூடான பிறகும் நிற்காவிட்டால், செயின், டென்ஷனர், கைடு மூன்றையும் சேர்த்து மாற்றவேண்டும். செயின் மட்டும் மாற்றிப் பழைய டென்ஷனரை வைப்பது வீண். விவிடி உள்ள வண்டிகளில் அழுக்கு ஆயிலால் அதன் கன்ட்ரோல் வால்வும் சிக்கும். அப்போது ஐடில் நடுங்கும், மேட்டில் இழுவை குறையும், செக் இன்ஜின் விளக்கு எரியும்.

கூலிங்: சூடு ஏறாததும் பழுதுதான்

எல்லோரும் ஓவர்ஹீட்டைப் பற்றியே கவலைப்படுகிறார்கள். மலையில் அதற்கு நேரெதிரான பழுது அதிகம், அதை யாரும் கவனிப்பதில்லை. இன்ஜின் சூடாகும்வரை கூலன்டை ரேடியேட்டருக்குப் போகவிடாமல் தடுக்கும் தெர்மோஸ்டாட் திறந்த நிலையில் சிக்கிக்கொள்வதுதான் அது. சமவெளி வெயிலில் இது தெரியவே தெரியாது. இங்கே தெரியும்: ஹீட்டரில் வெந்நீர்ச் சூடு வராது, மைலேஜ் குறையும், ஆயில் மூடியில் வெள்ளைப் படிவு போகவே போகாது. ஓபிடியில் கூலன்ட் வெப்பம் ஏற்றத்தில் 85-95 இருந்துவிட்டு, நீண்ட இறக்கத்தில் 60-களுக்கு விழுந்தால் தெர்மோஸ்டாட் மூடவில்லை. சில வண்டிகளில் பி0128 என்ற பழுதுக் குறியீடு (கோடு) வரும். தெர்மோஸ்டாட்டும் அதன் ரப்பர் வளையமும் சேர்த்து மாற்றுங்கள். விலை குறைந்த பொருள், அதை மாற்றாமல் விட்டால் தேயும் இன்ஜின்தான் விலை கூடியது. சூடேறாமல் இருக்கட்டும், இன்ஜினுக்கு நல்லது என்று தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிட்டு ஓட்டும் வழக்கம் இன்னும் இருக்கிறது. மலைக்கு அதைவிடக் கெடுதல் வேறில்லை.

இனி ஓவர்ஹீட். ஊட்டி உயரத்தில் திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 92-93 டிகிரியிலேயே கொதித்துவிடும். ரேடியேட்டர் ஃபேன் ஓடத் தொடங்குவதோ 95 டிகிரியை ஒட்டித்தான். இடையில் கொதிக்காமல் காப்பது இரண்டு: ரேடியேட்டர் மூடி பிடித்து வைக்கும் அழுத்தம், கூலன்டில் இருக்கும் கிளைக்கால் என்ற வேதிப்பொருள். மூடியின் ரப்பர் காய்ந்து அழுத்தம் பிடிக்காமல் போய், உள்ளே இருப்பதும் வெறும் தண்ணீராக இருந்தால், ஃபேன் சுற்றும் முன்பே கொதி வந்துவிடும். சீசனில் குன்னூர் ஏற்றத்தில் நெரிசலில் நின்று ஆவி கக்கும் வண்டிகளில் பலவற்றுக்குக் காரணம் இந்த மூடிதான். மூன்று வருடத்துக்கு ஒரு மூடி போடுவது தவறாகாது. வண்டிக்கு உரிய அழுத்த எண் மூடியிலேயே பொறித்திருக்கும், அதே எண்ணில் வாங்குங்கள்.

ஓடைத் தண்ணீர், குழாய்த் தண்ணீர் ஊற்றுவதை நிறுத்துங்கள். உறைபனி இரவில் வெறும் தண்ணீர் உறையும் அபாயம் ஒரு பக்கம், அலுமினிய ஹெட்டை உள்ளே அரிப்பது இன்னொரு பக்கம். எந்த நிறக் கூலன்ட் இருக்கிறதோ அதையே தொடருங்கள். கலக்க வேண்டி வந்தால் பழையதை முழுக்க இறக்கிக் கழுவிவிட்டுப் புதிதை ஊற்றுங்கள். வாட்டர் பம்ப்பின் அடியில் காய்ந்த உப்புப் பூத்தது போலக் கூலன்ட் தடம் தெரிந்தால் பம்ப் சீல் கசிய ஆரம்பித்துவிட்டது, அடுத்த மலைப் பயணத்துக்கு முன் மாற்றுங்கள்.

இறக்கம்

நியூட்ரலில் இறக்கினால் பெட்ரோல் மிச்சம் என்பதை இந்த இன்ஜின் விஷயத்தில் முற்றாக மறந்துவிடவேண்டும். கியரில் இருந்து ஆக்சிலரேட்டரை முழுக்க விட்டால், ஐடிலைவிட ஆர்பிஎம் நன்றாக மேலே இருக்கும்வரை இன்ஜின் கம்ப்யூட்டரான இசிஎம் இன்ஜெக்டர்களை மூடிவிடும். பெட்ரோல் செலவு பூஜ்யம். நியூட்ரலில் விட்டாலோ ஐடில் ஓட பெட்ரோல் எரிந்துகொண்டே இருக்கும், வண்டியின் முழு எடையும் பிரேக்கில் விழும். இன்னொன்று: பிரேக் பூஸ்டர் வேலை செய்வது வெளிக்காற்றின் அழுத்தத்துக்கும் மேனிஃபோல்ட் வேக்கத்துக்கும் உள்ள வித்தியாசத்தில். வெளிக்காற்றே மெலிந்த ஊரில் அந்த உதவி ஏற்கெனவே குறைவு. இன்ஜினை ஆஃப் செய்து இறக்குபவர்களுக்கு இரண்டு மூன்று மிதிக்குப் பிறகு பிரேக் பெடல் கல்லாக இறுகிவிடும்.

ஏறும்போது எந்த கியர் வேண்டுமோ அதே கியரில் இறங்குங்கள். இரண்டாவதில் 3500 ஆர்பிஎம் கத்தினாலும் இன்ஜினுக்குச் சேதமில்லை.

அதே சமயம், மூடிய த்ராட்டிலோடு மணிக்கணக்கில் இறங்குவது ஒரு பழுதை வெளிக்கொண்டு வரும். மேனிஃபோல்டில் வேக்கம் உச்சத்தில் இருக்கும்போது வால்வுத் தண்டைச் சுற்றியிருக்கும் ஸ்டெம் சீல் ரப்பர் கெட்டியாகி இருந்தால், ஆயில் வால்வு கைடு வழியே உள்ளே இழுபடும். ஊட்டியிலிருந்து கல்லாறு வரை இறங்கி, சமவெளியில் முதல் தடவை ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது கண்ணாடியில் பின்னால் பாருங்கள். ஒரு குப்பென்று நீலப் புகை வந்து மறைந்தால் ஸ்டெம் சீல். ஏற்றத்தில் இழுக்கும்போது தொடர்ந்து நீலப் புகை வந்தால் ரிங். இதைப் பிரித்துப் பார்க்காமல் இரண்டுக்கும் சேர்த்து இன்ஜின் போர் போடச் சொல்பவர்களிடம் வண்டியைக் கொடுக்காதீர்கள். அதற்கும் முன்னால் பிசிவி வால்வை, அதாவது இன்ஜினுக்குள் சேரும் ஆவியைத் திரும்ப மேனிஃபோல்டுக்கு விடும் வால்வை, கழற்றி ஆட்டிப் பாருங்கள். கடகடவென்று சத்தம் வரவேண்டும், வராவிட்டால் பிசுக்கில் சிக்கியிருக்கிறது. ஆயில் குறைவதற்கு அந்தச் சின்ன வால்வே காரணமாக இருந்து, அதை மாற்றியதும் நின்றுபோவதுண்டு.

மிஸ்ஸிங், ஐடில், மற்றவை

மழையும் பனிமூட்டமும் மாதக்கணக்கில் நிற்கும் ஊரில் பிளக் குழிக்குள் ஈரம் போவது சகஜம். கே12-இல் ஒவ்வொரு பிளக்கின் மேலும் ஒரு காயில் உட்கார்ந்திருக்கிறது. அதன் ரப்பர் குழல் வழியே மின்சாரம் கசிந்தால் பிளக்கின் வெள்ளைப் பீங்கானில் மேலிருந்து கீழே மெல்லிய கரிக்கோடு தெரியும். ஏற்றத்தில் உதறல், செக் இன்ஜின் விளக்கு மின்னுவது, பி0301-இலிருந்து பி0304 வரை ஏதாவது ஒரு கோடு. கடைசி இலக்கம் சிலிண்டர் எண். புதுக் காயில் வாங்கும் முன் ஒரு சோதனை: பி0301 என்றால் ஒன்றாவது காயிலை மூன்றாவதோடு மாற்றிப் போட்டு ஓட்டுங்கள். கோடு பி0303 ஆனால் காயில் கெட்டது. பி0301 ஆகவே நின்றால் பிளக்கையும் இன்ஜெக்டரையும் பாருங்கள். பிளக் கழற்ற 16 மிமீ பிளக் சாக்கெட் வேண்டும், இன்ஜின் ஆறியிருக்கவேண்டும், குழியில் உள்ள தூசியைக் காற்றடித்து எடுத்த பிறகே திருக வேண்டும். பிளக் இடைவெளி 1 மிமீ அளவு. குழிக்குள் தண்ணீருக்குப் பதில் ஆயில் நின்றால் வால்வு கவர் கேஸ்கட்டும் பிளக் குழாய் சீலும் மாற்றும் நேரம். விளக்கு மின்னும்போது அப்படியே ஊட்டி வரை ஏற்றிவிடலாம் என்று நினைக்காதீர்கள், எரியாத பெட்ரோல் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்து அதை உருக்கிவிடும்.

ஐடில் ஏறி இறங்கி ஊசலாடினால் த்ராட்டில் பாடியில் கரி. காற்றுக் குழாயைக் கழற்றி, சாவி ஆஃபில், பேட்டரியின் மைனஸைப் பிடுங்கிவிட்டு, த்ராட்டில் கிளீனரைத் துணியில் நனைத்துத் தட்டின் ஓரத்தைத் துடையுங்கள். தட்டை விரலால் அழுத்தித் திறக்கக் கூடாது, உள்ளே இருக்கும் மோட்டார் பல் உடையும். மாட்டியபின் ஏசி, லைட் எல்லாம் அணைத்து ஃபேன் ஒரு தடவை ஓடி நிற்கும்வரை ஐடிலில் விடுங்கள். முதலில் ஐடில் உயரமாக நின்று பிறகு தானாக இறங்கும். டூயல்ஜெட்டில் இதோடு இஜிஆர் வால்வும் கரி பிடிக்கும். குறுகிய ஓட்டத்தில் அது சீக்கிரம் வரும்.

20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோல் பற்றிப் பலர் கேட்கிறார்கள். எத்தனாலில் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு சக்தி குறைவு, ஆகவே மைலேஜ் கொஞ்சம் குறையத்தான் செய்யும். மலையில் கூடுதலாகக் கவனிக்க வேண்டியது, எத்தனால் ஈரத்தை இழுக்கும் என்பது. பனியில் நிற்கும் வண்டியில் டேங்கைக் கால் பங்குக்குக் கீழே வைத்து வாரக்கணக்கில் நிறுத்தாதீர்கள். 2023-க்கு முந்தைய வண்டிகளில் ரப்பர் பெட்ரோல் ஹோஸ்களை ஒவ்வொரு சர்வீஸிலும் விரலால் வளைத்து விரிசல் பாருங்கள்.

யூகலிப்டஸ், சில்வர் ஓக் மரத்தடியில் நிறுத்தும் வண்டிகளில் வைப்பருக்குக் கீழே உள்ள தட்டில் இலை அடைத்து, வடிகால் மூடி, மழைத் தண்ணீர் இன்ஜின் மேல் வழிகிறது. பிளக் குழி ஈரத்துக்கு இது பெரிய காரணம். மாதம் ஒரு தடவை கையால் அள்ளி எடுத்தால் போதும். எலி ஒயரைக் கடிப்பது தேயிலைத் தோட்டத்தை ஒட்டிய வீடுகளில் ஓயாத தொல்லை. திடீரென்று நாலைந்து கோடு ஒன்றாக வந்தால் சென்சார் வாங்கும் முன் ஒயரிங்கைப் பாருங்கள்.

மலையில் ஓடிய கே12 வண்டியைப் பழையதாக வாங்குவதாக இருந்தால் கிலோமீட்டர் எண்ணை மட்டும் நம்பாதீர்கள். பத்து வருடத்தில் 35,000 கிமீ என்பது சமவெளியில் நல்ல செய்தி, ஊட்டியில் அது ஆயிரக்கணக்கான குளிர் ஸ்டார்ட். முதல் நாள் இரவே சொல்லிவைத்து, காலையில் யாரும் ஸ்டார்ட் செய்யாத வண்டியைப் போய்ப் பாருங்கள். பானெட்டில் கை வைத்துச் சில்லென்று இருக்கிறதா பாருங்கள், ஸ்டார்ட் செய்து செயின் சத்தம் கேளுங்கள். ஆயில் மூடியைத் திறந்து உள்ளே டார்ச் அடியுங்கள். கேம்ஷாஃப்ட் தேன் நிறத்தில் தெரிந்தால் ஆயில் ஒழுங்காக மாற்றியிருக்கிறார்கள், கறுப்புப் பிசின் அப்பியிருந்தால் இல்லை. பிறகு நீண்ட ஏற்றத்தில் இரண்டாவது கியரில் இழுத்துப் பார்த்து, அதே சாலையில் இறக்கி, கீழே வந்து ஆக்சிலரேட்டரை அழுத்திக் கண்ணாடியில் புகை பாருங்கள். ஏற்றத்தின் நடுவில் நிறுத்தி ஹேண்ட்பிரேக்கில் இருந்து எடுக்கும்போது கிளட்ச் உதறினாலும் வாடை வந்தாலும் கிளட்ச் தட்டின் விலையை வண்டி விலையில் கழித்துப் பேசுங்கள்.